மூன்று மாதத்துப் பிள்ளையின் கைகால் ஆட்டம்

போன மாதம் எங்கள் பக்கத்து லயத்துக்குக் குவைத்திலிருந்து ஒரு பார்சல் வந்தது. அங்கே வீட்டு வேலைக்குப் போயிருக்கும் அக்கா, இங்கே தங்கைக்குப் பிள்ளை கிடைத்திருக்கின்றது என்று அனுப்பியது. பால்மா (அதைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி எழுதிக் கை வலிக்கின்றது), சவர்க்காரம், சின்னச் சட்டைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு காலுறை. காலுறைக்குள் தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு பெட்டி. பிள்ளையின் காலில் மாட்டிவிட்டால் பிள்ளை மூச்சு விடுகின்றதா, அசைகின்றதா என்று கைத்தொலைபேசியில் தெரியுமாம். "அக்கா, இத புள்ளைக்கு மாட்டவா வேணாமா? மாட்டாட்டி அக்கா கோவிச்சுக்கும்" என்று அந்தத் தங்கை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

பதினெட்டு வருடம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தவள் என்பதால் பூனாகலையில் பிள்ளை சம்பந்தமான கேள்விகள் எல்லாம் என் வாசலுக்குத்தான் வரும். காய்ச்சல், வயிற்றோட்டம் என்றால் சொல்லிவிடலாம். மெஷினைப் பற்றிக் கேட்டால் தெரிந்தவர்களிடம் கேட்டுப் படித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அப்படிப் படிக்கப் போன இடத்தில் அந்தக் காலுறையை விட முக்கியமான வேறொரு விடயம் கிடைத்தது. சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. முதலில் காலுறையின் கதையை முடித்துவிடுகின்றேன்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் குறைமாதப் பிள்ளைகளை வைத்திருக்கும் அறைக்குள் போனவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் பாதத்தில் சிவப்பு வெளிச்சம் எரியும் ஒரு பட்டி சுற்றியிருப்பார்கள். அந்த வெளிச்சம் தோலின் ஊடாகப் போய், இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு இருக்கின்றது என்று அளக்கின்றது. ஒட்சிசன் நிறைந்த இரத்தமும் குறைந்த இரத்தமும் வெளிச்சத்தை வேறு வேறு அளவில் உறிஞ்சும். அதுதான் சூட்சுமம். 1970களில் இந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியியலாளர் தகுவோ அயோயாகி. இன்று உலகத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவருடைய கண்டுபிடிப்பு யாருடைய விரலிலாவது மாட்டியிருக்கும்.

குறைமாதப் பிள்ளைக்கு அது ஏன் தேவை? மூச்சு விடச் சொல்லிக் கட்டளை கொடுக்கும் மூளையின் பகுதி இன்னும் முதிராததால், சில வேளை பிள்ளை மூச்சு விடுவதையே மறந்துவிடும். இருபது விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் அது கவனிக்க வேண்டிய விடயம். மெஷின் சத்தம் போடும். நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலை மெதுவாகத் தட்டுவார், அல்லது முதுகைத் தடவுவார். பெரும்பாலும் அது போதும், பிள்ளை திரும்ப மூச்சு விடத் தொடங்கும். பெங்களூரில் பெம்பு என்ற நிறுவனம், மூச்சு நின்றால் தானாகவே பிள்ளையின் காலை அதிரவைக்கும் ஒரு சின்னச் சப்பாத்து செய்திருக்கின்றது. நர்ஸ்மார் குறைந்த ஆஸ்பத்திரிகளுக்கு உதவும் என்பது எண்ணம்.

இதெல்லாம் ஆஸ்பத்திரிக்குள். வீட்டுக்கு வந்த, மாதம் நிறைந்து பிறந்த, நன்றாகப் பால் குடிக்கும் பிள்ளைக்கு இது வேண்டியதில்லை. அமெரிக்காவில் இப்படிக் காலுறை விற்ற ஓலெட் என்ற நிறுவனத்துக்கு, மருத்துவக் கருவிக்கான அனுமதி இல்லாமல் விற்கின்றீர்கள் என்று அந்நாட்டு அரசின் மருந்து நிர்வாகம் 2021 ஒக்டோபரில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நிறுவனம் விற்பனையை நிறுத்தி, பிறகு புதிய காலுறை ஒன்றுக்கு 2023இல் அனுமதி பெற்றது. அனுமதி கிடைத்த பிறகும், நித்திரையில் நடக்கும் திடீர் சிசு மரணத்தைத் தடுக்க இப்படியான வீட்டுக் கருவிகளை நம்ப வேண்டாம் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் சங்கத்தின் நிலைப்பாடு. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், முகத்தின் கிட்ட தலையணை, தளர்ந்த துணி இருக்கக் கூடாது, புகை படக் கூடாது என்று அவர்கள் சொல்கின்றார்கள். விறகடுப்பும் படுக்கையும் ஒரே காம்பராவில் இருக்கும் நம் வீடுகளுக்குக் கடைசிச் சொல் காலுறையை விட அவசரம். தங்கையிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: அலுமாரியில் வை, அக்காவிடம் நன்றி சொல்.

இனி அசைவு. அந்தக் காலுறை அசைவையும் பார்க்கும் என்றார்கள் அல்லவா? பிள்ளை அசைகின்றதா இல்லையா என்று அறிய மெஷின் வேண்டாம், கண் போதும். ஆனால் பிள்ளை எப்படி அசைகின்றது என்பதில் ஒரு பெரிய செய்தி இருக்கின்றதாம்.

வயிற்றில் இருக்கும் போது பிள்ளையின் துடிப்பை எண்ணச் சொல்லிக் கிளினிக்கில் சொல்லித் தருகின்றார்கள். துடிப்புக் குறைந்தால் உடனே வரச் சொல்கின்றார்கள். நம் தாய்மார் அதை நன்றாகவே செய்கின்றார்கள். பிறந்த பிறகு அந்த எண்ணிக்கை நின்றுவிடுகின்றது. நிறை கூடுகின்றதா, ஊசி போட்டாயிற்றா, பால் குடிக்கின்றதா என்று பார்க்கின்றோம். பிள்ளை சும்மா படுத்துக் கைகாலை ஆட்டிக்கொண்டிருந்தால் "வெளையாடுது" என்று விட்டுவிடுகின்றோம்.

அந்தச் சும்மா ஆட்டத்தை ஒரு மனிதர் பல வருடங்கள் உட்கார்ந்து பார்த்தார். ஹைன்ஸ் பிரெக்டல் என்று பெயர். ஒஸ்திரியாவில் பிறந்தவர், நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர், 2014இல் காலமானார். மிருகங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தொந்தரவு செய்யாமல் பார்த்துப் பழகிய அறிஞர்களிடம் இளமையில் பயின்றவர். அதே முறையில் பச்சைப் பிள்ளைகளையும் பார்த்தார். தட்டாமல், இழுக்காமல், கிலுக்கட்டை ஆட்டாமல், வீடியோ எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

அவர் கண்டது இது. பிறந்த புதிதில் பிள்ளையின் அசைவு நெளிவது போல இருக்கும். மெதுவாக, முழு உடம்பும் சேர்ந்து, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று முறுக்கி விரிக்கும். இரண்டு மாதம் ஆகும் போது அது மாறிவிடும். சுமார் 9ஆம் வாரத்திலிருந்து 20ஆம் வாரம் வரை வேறொரு ஆட்டம் வரும். கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்னதாக, எல்லாத் திசையிலும், இடைவிடாமல். சுளகில் அரிசி புடைக்கும் போது மணிகள் அங்குமிங்கும் துள்ளுமே, அது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை முழித்திருந்து, அழாமல், பசியில்லாமல் இருக்கும் போதுதான் இது தெரியும். அழத் தொடங்கினால் மறைந்துவிடும். 20 வாரத்துக்குப் பிறகு, பொருளை எட்டிப் பிடிப்பது, காலைத் தூக்கிப் பார்ப்பது என்று பிள்ளை தானாக நினைத்துச் செய்யும் அசைவுகள் வந்து இதை மூடிவிடும்.

இந்தத் துள்ளல் மூளைக்குள்ளிருந்து தானாகப் பிறப்பது. யாரும் சொல்லிக் கொடுப்பதல்ல. மூளையில் அடி விழுந்திருந்தால், அதாவது பிறக்கும் போது ஒட்சிசன் குறைந்ததாலோ, குறைமாதத்தில் மூளைக்குள் இரத்தம் கசிந்ததாலோ, மஞ்சள் காமாலை அளவு மீறியதாலோ, கிருமி தொற்றியதாலோ காயம் ஏற்பட்டிருந்தால், இந்தத் துள்ளல் வராமலே போகலாம். சில பிள்ளைகளிடம் அதற்கு முன்பே, எல்லாக் கைகால்களும் ஒன்றாக விறைத்து ஒன்றாகத் தளரும் ஓர் அசைவு தெரியும்.

1997இல் பிரெக்டலும் அவருடைய குழுவும் 130 குழந்தைகளைப் பற்றி லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். துள்ளல் ஒழுங்காக வந்த 70 பிள்ளைகளில் 67 பேர் பின்னால் குறையில்லாமல் வளர்ந்தார்கள். துள்ளல் வராத, அல்லது வந்தும் ஒழுங்கில்லாத 60 பிள்ளைகளில் 57 பேருக்குப் பின்னால் குறை தெரிந்தது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வந்தது மூளை முடக்குவாதம். ஊசி இல்லை, இரத்தம் எடுக்கவில்லை. மூன்று மாதத்துப் பிள்ளையைச் சில நிமிடம் பார்த்ததுதான்.

மூளை முடக்குவாதம் என்பது நம் லயங்களில் தெரியாத பெயர். பிள்ளை தெரியும். கழுத்து நிற்காத பிள்ளை, கால் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும் பிள்ளை, ஒரு கையை மட்டும் எப்போதும் மடக்கியே வைத்திருக்கும் பிள்ளை. வசதியான நாடுகளிலேயே உயிரோடு பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு இது இருக்கின்றது. வசதி குறைந்த இடங்களில் கூடுதல்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய், எட்டாம் மாதத்தில் பிள்ளை பெற்றவள். பிள்ளை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தது. நான் வேலை செய்த பிள்ளைக் காம்பராவுக்கு அது வந்ததே இல்லை, பாட்டி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். ஆறு மாதத்தில் கழுத்து நிற்கவில்லை. "எட்டாம் மாசத்துப் புள்ள, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். பத்து மாதத்தில் உட்காரவில்லை. முனியாண்டி கோயிலில் கயிறு கட்டினார்கள். ஒன்றரை வயதில்தான் ஆஸ்பத்திரியில் பெயர் சொன்னார்கள். அதற்குள் காலின் விறைப்பு ஏறி, இடுப்பு எலும்பு நழுவத் தொடங்கியிருந்தது. அந்தத் தாயை மாமியார் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று நினைக்கின்றீர்கள்? கிரகணத்தன்று மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனாளாம், அதனால்தானாம். அவள் அதை நம்பினாள், இன்றும் முழுதாக நம்பாமல் இல்லை. பிள்ளை ஏன் இப்படி என்று ஒருவர் சரியான நேரத்தில் சொல்லியிருந்தால் அந்தப் பழியையாவது அவள் சுமந்திருக்க மாட்டாள்.

மூன்று மாதத்தில் கண்டுபிடித்தால் குணமாகிவிடுமா? இல்லை. மூளையில் ஏற்பட்ட காயம் அழியாது. ஆனால் முதல் வருடத்தில் மூளை பச்சை மண் மாதிரி, வளைந்து கொடுக்கும். எப்படித் தூக்குவது, எப்படிப் படுக்க வைப்பது, எந்தக் கைக்கு விளையாட்டுப் பொருளைக் கொடுப்பது, இடுப்பை எப்போது படம் எடுத்துப் பார்ப்பது என்று தாய்க்குச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை தன்னால் முடிந்த அளவுக்கு வரும். விறைப்பையும் இடுப்பு நழுவுவதையும் முன்கூட்டியே கவனிக்கலாம். இந்த நோயை ஆறு மாதத்துக்கு முன்பே அடையாளம் காண முடியும், அதற்கு இந்த அசைவுப் பரிசோதனை முக்கியமான ஒரு வழி என்று 2017இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து எழுதிவிட்டார்கள்.

அப்படியானால் ஏன் எல்லா இடத்திலும் செய்வதில்லை? பார்க்கத் தெரிந்த கண் வேண்டும். அதற்குத் தனிப் பயிற்சி இருக்கின்றது, பயின்ற பிறகும் தொடர்ந்து பார்த்துப் பழக வேண்டும். அப்படிப்பட்டவர்கள் பெரிய நகரங்களிலேயே குறைவு. இங்கேதான் மெஷின் வருகின்றது. பயின்றவரின் கண் செய்வதைச் சென்சர், அதாவது உணரி, செய்யுமா என்று பல நாடுகளில் முயல்கின்றார்கள்.

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் கைகளிலும் கால்களிலும் அசைவு உணரிகள் வைத்துத் தைத்த ஒரு பிள்ளைச் சட்டை செய்திருக்கின்றார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை, தவழும் பருவத்தில் போட்டுக்கொண்டு வீட்டிலேயே விளையாடும், சட்டை கணக்கெடுக்கும். அமெரிக்காவின் சிக்காகோவுக்குப் பக்கத்தில் ஜோன் ரோஜர்ஸ் என்பவரின் குழு, தோலில் ஒட்டும் மெல்லிய ரப்பர் போன்ற உணரிகளைச் செய்து 2019இல் வெளியிட்டது. வயர் இல்லை. குறைமாதப் பிள்ளையை வயர்கள் இழுபடாமல் தாய் மார்போடு அணைத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே அதை யோசித்தார்களாம். மெஷின் செய்கின்றவர்களில் தாயை நினைத்துச் செய்தவர்கள் என்று எனக்கு அவர்கள் மேல் ஒரு தனிப் பிரியம்.

நோர்வேக்காரர்கள் பிள்ளையின் உடம்பில் எதையும் ஒட்டவில்லை. கமரா மட்டும். மல்லாக்கப் படுத்திருக்கும் பிள்ளையை மேலிருந்து வீடியோ எடுக்கின்றார்கள். கணினி அதில் மூக்கு, தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று புள்ளி புள்ளியாகப் பிடித்து, ஒவ்வொரு புள்ளியும் எப்படி நகர்கின்றது என்று பார்க்கின்றது. இந்த வேலையில் நோர்வேயோடு சேர்ந்தவர்களில் நமக்குத் தெரிந்த ஓர் இடமும் இருக்கின்றது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. ஐடா ஸ்கடர் என்ற பெண் வைத்தியர் 1900இல் ஒரேயொரு கட்டிலோடு தொடங்கிய இடம். மலையகத்திலிருந்தும் கடன்பட்டுப் போய் வைத்தியம் பார்த்து வந்த குடும்பங்கள் உண்டு. அங்கே மிகக் குறைந்த நிறையோடு பிறந்த பிள்ளைகளின் அசைவை வீடியோ எடுத்து, அந்தப் பிள்ளைகள் ஒரு வயதில் எப்படி இருக்கின்றார்கள் என்று ஒப்பிட்டு 2016இல் எழுதியிருக்கின்றார்கள்.

பிறகு 2022இல் இந்தியா, நோர்வே, பெல்ஜியம், அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 557 பிள்ளைகளின் வீடியோக்களைக் கணினிக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு வந்தது. எல்லோரும் ஆபத்து அதிகம் என்று முன்பே குறிக்கப்பட்ட பிள்ளைகள். மூளை முடக்குவாதம் வந்த நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 71 பேரைக் கணினி சரியாகப் பிடித்தது. வராத நூறு பேரில் 94 பேரை வராது என்று சரியாகச் சொன்னது. பயின்ற கண்களின் கணிப்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்பது அவர்களுக்குச் சந்தோஷம்.

எனக்கு அந்த 29 பேர்தான் நினைவில் நிற்கின்றார்கள். கணினி "பரவாயில்லை" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடிய பிள்ளைகள். அதனால் மெஷின் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்க ஒருவருமே இல்லாத இடத்தில் நூறில் எழுபது பெரிய விடயம். ஆனால் மெஷின் சொன்ன பிறகும் தாய் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. அதோடு, கணினி "சந்தேகம்" என்று சொன்னால் அடுத்து யாரிடம் போவது என்பது அந்த ஊரில் முன்பே ஒழுங்காகி இருக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும் போது ஒரு கணக்கு என் மனதில் ஓடியது. நம் தோட்டப் பெண்களுக்குப் பிரசவச் சகாயச் சட்டப்படி 84 நாள் விடுமுறை. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, மூன்றாவது நான்காவது பிள்ளைக்கும் அதே 84 நாள் ஆனது. அதற்கு முன் அவர்களுக்குப் பாதிதான். 84 நாள் என்றால் 12 வாரம். அதில் 2 வாரம் பிரசவத்துக்கு முன், 10 வாரம் பின். ஆகவே பிள்ளைக்குப் பத்து வாரம் முடிந்தவுடன் தாய் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகின்றாள். அசைவைப் பார்க்க வேண்டிய காலம் 9 வாரத்திலிருந்து 20 வாரம் வரை.

அதாவது, பிள்ளையின் கைகால் செய்தி சொல்லும் அந்த இரண்டரை மாதமும் பகலில் தாய் பக்கத்தில் இல்லை. பிள்ளை முழித்து, வயிறு நிறைந்து, சந்தோஷமாகக் கிடக்கும் பகல் நேரத்தில் அதைப் பார்ப்பவர் பிள்ளைக் காம்பரா ஆயாம்மா, அல்லது பாட்டி. தாய் மாலை வந்து தூக்கும் போது பிள்ளை பசியில் அழும், அல்லது தூங்கும். இரண்டு நேரத்திலும் துள்ளல் தெரியாது.

நோர்வேக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே தாய் தகப்பன் மாதக்கணக்கில் சம்பளத்தோடு வீட்டில் இருக்கின்றார்கள். அவர்களே கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் செயலி ஒன்றையும் அங்கே செய்தார்கள், அவுஸ்திரேலியாவின் மெல்பேர்னிலும் அப்படியொன்று இருக்கின்றது. நமக்கு அதே முறை வருமானால் படிக்கவேண்டியவர்கள் யார் என்பது தெளிவு. பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் பெண்களுக்குச் சத்துணவு, சுத்தம், பாட்டு, ஆரம்பக் கல்வி எல்லாவற்றுக்கும் பயிற்சி வைக்கின்றார்கள். மூன்று மாதத்துப் பிள்ளையின் அசைவைப் பற்றி ஒரு மணித்தியாலம்கூட எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நோயைச் சொல்வது அவர்கள் வேலையில்லை. "இந்தப் பிள்ளையை ஒருக்கா டொக்டரிடம் காட்டுங்க" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

இந்தியாவின் மேற்கு வங்காளத்தில் அப்படியொரு முயற்சி நடந்தது. லீப் சி.பி. என்று பெயர். வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள் ஆபத்தான பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதும், பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் அந்த வீடுகளுக்குத் தொடர்ந்து போய்த் தாய்க்குச் சொல்லிக் கொடுப்பதும் அதன் வழி. விலை கூடிய எந்தக் கருவியும் இல்லாத கிராமங்களில்.

சரி, பயிற்சி வரும்வரை நாம் என்ன செய்யலாம்? குறைமாதத்தில் பிறந்த, நிறை மிகக் குறைந்த, பிறந்தவுடன் அழாத, வலிப்பு வந்த, கடுமையான காமாலைக்கு வைத்தியம் செய்த பிள்ளையாக இருந்தால் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். தொட்டிலுக்குள் பார்க்க முடியாது. சேலைத் தொட்டிலில் பிள்ளை குழி விழுந்து கிடக்கும், கைகால் விரியாது. பாயை விரித்து மல்லாக்கப் படுக்க வையுங்கள். நம் ஊர்க் குளிருக்குத் தொப்பி, கம்பளிச் சட்டை, காலுறை என்று பொதி மாதிரிச் சுற்றி வைத்திருப்போம். வெயில் நன்றாக விழும் நேரம், கதவைச் சாத்தி, மெல்லிய சட்டை ஒன்றோடு மூன்று நிமிடம் விட்டால் குளிர் பிடிக்காது. அந்த நேரத்தில் கொஞ்ச வேண்டாம், கிலுக்கட்டை வேண்டாம், வாயில் சூப்பி வேண்டாம். பேசாமல் பாருங்கள்.

கைத்தொலைபேசி இருந்தால் பிள்ளையின் கால்மாட்டில் நின்று, தலையிலிருந்து கால்வரை முழுதும் தெரியும்படி, கையை ஆட்டாமல் மூன்று நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக்கில் பிள்ளை அழுதாலும் டொக்டருக்குக் காட்ட அது உதவும். அதை வட்சப் குழுவில் போட்டு "புள்ள எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். ஐம்பது பேர் ஐம்பது சொல்வார்கள், துணியில்லாத பிள்ளையின் படம் எங்கெல்லாமோ போகும். வீடியோவைப் பார்த்து நீங்களே தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். துள்ளல் இருக்கின்றதா இல்லையா என்று பயிலாத கண் தவறிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆடவில்லை, எப்போதும் விறைப்பாக இருக்கின்றது, துவண்டு கிடக்கின்றது, அசைவே குறைவு, ஒரு கை எப்போதும் இறுக மூடியே இருக்கின்றது என்று மனதில் பட்டால் அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரிக்கும், அங்கிருந்து குழந்தை வைத்திய நிபுணருக்கும் வழி காட்டுவார். நமக்கு அது தியத்தலாவை அல்லது பதுளை. ராகமையில் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தோடு சேர்ந்து ஆயத்தி என்ற நிலையம் இப்படியான பிள்ளைகளுக்காகவே இயங்குகின்றது, ஆனால் பூனாகலையிலிருந்து அது நாள் முழுவதும் பிரயாணம், இரண்டு நாள் சம்பளமும் போகும். 2023 மார்ச்சில் கபரகலையில் மண் சரிந்தது போல மழைக் காலத்தில் பாதையே போய்விடும் ஊர் இது. அதனால்தான் முதல் பார்வை லயத்துக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும் என்று இவ்வளவு சொல்கின்றேன்.

குறைமாதப் பிள்ளைக்கு வாரக் கணக்கு வேறு. பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. பிரசவத்துக்கு எந்தத் திகதி தந்தார்களோ அந்தத் திகதியிலிருந்து எண்ண வேண்டும். எட்டு வாரம் முந்திப் பிறந்த பிள்ளை என்றால், பிறந்து இருபது வாரம் ஆகும் போதுதான் அதற்குப் பன்னிரண்டு வாரம். பிள்ளையின் கிளினிக் கொப்பியில் பிரசவத் திகதியையும் எழுதி வைத்துக்கொண்டால் டொக்டர் கேட்கும் போது தடுமாற வேண்டாம்.

ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி, பல் முளைக்கும் போது காய்ச்சல் வருமா என்று எழுதிக் கேட்டிருக்கின்றார். அடுத்த மாதம் அதைப் பார்ப்போம்.